காழ், காம்பு, பிடி: செதுக்குக் கத்திக்கு மரப்பிடி அமைக்கும் முறையும் ஒரு சொல்லின் பொருளும்

ஆய்வுச்சுருக்கம்

மரச்சிற்பம் செதுக்கும் சிறுகத்தியின் அலகிற்குப் பிடி அமைக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அத்தொழிலறிவின் துணைகொண்டு, சங்க இலக்கியத்தில் வேற்காம்பைக் குறிக்கும் ‘காழ்’ என்னும் சொல் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: காழ், காம்பு, வைரம், வெளிறு, பூண்

முன்னுரை

‘காழ்’ என்பது மரத்தின் வைரத்தையும் ஆயுதக் காம்பையும் ஒருங்கே குறிக்கும். அகராதிகள் இப்பொருள்களை வரிசைப்படுத்துகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியைக் கூறுவதில்லை. தச்சுப் பட்டறையில் அவ்வழி ஓரளவு புலப்படுகிறது.

தொல்காப்பிய மரபியல், புறத்தே வன்மையுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வன்மையுடையவற்றை மரம் என்றும் பகுக்கிறது. மூங்கிலும் பனையும் முன்னவை. புளியும் கருவேலும் பின்னவை. ‘காம்பு’ என்னும் சொல்லுக்கும் மூங்கில் என்ற பொருள் உண்டு என்பது ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது.

கட்டை தேர்தல்

நெடிய வேலுக்கு மூங்கில் ஏற்கும். செதுக்குக் கத்திக்கு ஏலாது. கத்தியின் பிடி உள்ளங்கைக்கு இயைய இழைக்கப்பட வேண்டும். மூங்கிலின் வன்மை புறத்தோலை ஒட்டியே அமைந்திருப்பதால், இழைக்க இழைக்க அவ்வன்மையே நீங்கிவிடும். மரத்தில் நிலைமை இதற்கு எதிரானது. புறத்தேயுள்ள வெளிறு நீங்க நீங்க வைரம் வெளிப்படும். புளியின் வைரம் அடர்நிறமும் பின்னிய இழைகளும் கொண்டது, எளிதில் பிளவாது. தேக்கு பெருமரமாயினும் இழையோட்டத்தில் விரைந்து பிளக்கும் இயல்புடையது.

கட்டை நன்கு உலர்ந்திருத்தல் இன்றியமையாதது. ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்குக் கீழ் இறங்கும்போதே மரம் சுருங்கத் தொடங்குகிறது. வளையங்களை ஒட்டிய திசையில் இச்சுருக்கம், மையத்திலிருந்து புறம்நோக்கிய திசையைவிட ஏறத்தாழ இருமடங்காகும். நீளவாட்டில் மிகச் சிறிது. பச்சைக் கட்டையில் அலகைச் செருகினால் இரும்பு சுருங்காது, அதைச் சூழ்ந்த மரம் சுருங்கும். உள்ளே கட்டை வெடிக்கும். வெளியே பூண் கழன்று ஆடும். எனவேதான் இழையோட்டம் பிடியின் நீளவாட்டில் அமையுமாறும், கட்டையின் நடுத்தண்டு பிடிக்குள் வாராதவாறும் கட்டை அறுக்கப்படுகிறது.

அலகைப் பொருத்துதல்

அலகின் பின்னே கூர்ந்து நீளும் பகுதியை ‘வால்’ எனக் கொள்ளலாம். வாலைப் பழுக்கக் காய்ச்சிக் கட்டையில் இறக்குவது எளிய முறை. துளை வாலின் வடிவையே பெறும். ஆயினும் கரியான சுவர் வலுவற்றது. நாளடைவில் உதிர்ந்து அலகு ஆடும். ஆதலால் முதலில் வாலினும் குறுகிய துளையிட்டு, பின்னர்ச் சிறிதளவே சுட்டு இறக்குதல் நன்று. அப்போது வெட்டுவாயை ஈரத்துணியால் சுற்றிக் காத்தல் வேண்டும். வெப்பம் பரவி, எஃகில் நீலநிறம் வெட்டுவாய் வரை ஏறிவிட்டால் பதம் தணிந்துவிடும். அதன்பின் எத்துணை தீட்டினும் கூர் நில்லாது. தளர்வான துளைக்கு உருக்கிய அரக்கு வார்ப்பதும் உண்டு.

பூண் இடுதல் அலகைச் செருகுவதற்கு முன்பே நிகழ வேண்டும். வால் ஆப்புப்போல் விரிக்கும் விசையைத் தாங்குவது அதுவே. பிடியின் குறுக்குவெட்டு நீள்வட்டமாக அமைதல் நன்று. உருண்டைப் பிடி கைக்குள் சுழலும். நீள்வட்டப் பிடியோ வெட்டுவாய் எத்திசையில் உள்ளதென்பதைக் கண் நோக்காமலே கைக்கு உணர்த்தும்.

காழ் திருத்துதல்

புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார், தொண்டைமானின் வேல்களைக் காழ் திருத்தி நெய் அணிந்தவை என்கிறார். அதியமானின் வேல்களோ பக்கமும் நுனியும் சிதைந்து கொல்லனின் கொட்டிலில் கிடக்கின்றன. புகழ்வதுபோலப் பழிக்கும் இந்நயத்தைப் பலரும் விளக்கியுள்ளனர். திருத்துதல் என்னும் தொழிலுக்கு அத்துணைக் கவனம் கிட்டவில்லை.

அங்குக் காழுக்கு அடையாக ‘கண்’ என்னும் சொல் வருகிறது. அதனை இடம் எனக் கொண்டால், வெளிறு நீக்கித் திரட்சியாக இழைத்த மரக்காம்பு பெறப்படும். திருத்துதல் என்பது முழுவதும் இழைத்து உருவாக்குதலாகும். ‘கண்’ மூங்கிற்கணுவையும் குறிக்குமாதலின், அவ்வாறு கொண்டால் திருத்துதல் கணுக்களின் மேடுகளை மட்டும் சமன்செய்வதாகச் சுருங்கும்; அதற்குமேல் இழைப்பின் காழே போய்விடும். மரபியலின் பகுப்பு புறத்தேயுள்ள வன்மையையும் காழ் என்றே வழங்குவதால், இரண்டாம் பொருளை எளிதில் விலக்குவதற்கில்லை.