ஆரணிக்கு எத்தனை எழுத்து?

‘ஆரணி’ என்ற சொல்லில் மூன்று எழுத்துகள் என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் சொல்லிவிடும். பைத்தானில் ‘லென்’ கட்டளையிடம் கேட்டால் நான்கு என்கிறது. ணகரத்தையும் இகரக் குறியையும் யூனிகோடு தனித்தனியாக வைத்திருப்பதால் வரும் கணக்கு இது. ‘பட்டு’ என்பதற்கு ஐந்து! பன்னிரண்டாம் வகுப்பில் இதைப் பார்த்த நெசவாளர் வீட்டு மாணவன் ஒருவன், “கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாதா சார்?” என்றான்.

தெரியவைக்க ‘ஓப்பன்-தமிழ்’ என்ற தொகுப்பு உண்டு. ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் தன்னார்வலர்களும் வளர்த்துவருவது. அதன் மூலநிரல் கிட்ஹப் களஞ்சியத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

‘பிப் இன்ஸ்டால்’ என்று தொகுப்பின் பெயரை மட்டும் கொடுத்தால் வெளியிடப்பட்ட பதிப்பு வரும். கடையில் சேலை எடுப்பது போல. பெயருக்குப் பதிலாக ‘கிட்’, கூட்டல் குறி, களஞ்சிய முகவரி என்று சேர்த்துக் கொடுத்தால், டிசைன் அட்டையை வாங்கி நம் தறியிலேயே நெய்துகொள்வது போல. பிப் களஞ்சியத்தை ஒரு தற்காலிகக் கோப்புறையில் நகலெடுக்கும். அதிலுள்ள அமைவுக் கோப்பைப் படிக்கும். ‘வீல்’ எனப்படும் நிறுவல் கோப்பைக் கட்டி நிறுவும். கணினியில் கிட் மென்பொருள் இருக்க வேண்டும். பலருக்கும் முதல் பிழைச்செய்தி இது இல்லாததால்தான் வருகிறது.

இங்கே நான் ஒருமுறை சறுக்கினேன். வேறொரு தொகுப்பை ஐந்து கணினிகளில் ஒரு வாரமும் மீதியில் அடுத்த மாதமும் நிறுவினேன். இடையில் களஞ்சியம் மாறிவிட்டது. ஒரே பயிற்சிக்கு இரண்டு விடைகள் வர, பிழை மாணவர்களுடையது என்று நினைத்து ஒரு பாடவேளை முழுவதும் அவர்கள் நிரலைத் திருத்தவைத்தேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

களஞ்சியத்தின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிட் 40 இலக்க அடையாள எண் ஒன்றைத் தருகிறது. முகவரியின் இறுதியில் ‘அட்’ குறியிட்டு அந்த எண்ணைச் சேர்த்தால் என்று நிறுவினாலும் அதே நிரல்தான் வரும். சேர்க்காவிட்டால் அன்றைய நிலை வரும்.

ஆய்வகத்தில் இணையம் மெதுவாக இருந்தால் ‘பிப் வீல்’ கட்டளையால் ஒரு கணினியில் மட்டும் கட்டுங்கள். துணைத் தொகுப்புகளின் கோப்புகளும் உடன் சேரும். பென்டிரைவில் எடுத்துச் சென்று, இணையத்தில் தேடாமல் அந்தக் கோப்புறையிலிருந்தே நிறுவும்படி மற்றக் கணினிகளில் கட்டளையிடலாம். அடையாள எண்ணின் முதல் ஏழு இலக்கங்களை இப்போது ஆய்வகப் பதிவேட்டில் தேதியுடன் எழுதிவைக்கிறேன்.