பொருத்துத் தெரியாத பரப்பு

நெடுந்தீவுக்குச் செல்வோர் அங்குள்ள முருகைக்கல் மதில்களைக் கண்டு வியப்பர். சாந்து சிறிதுமின்றிக் கல்மேற் கல்லாக அடுக்கப்பட்ட அம்மதில்கள் வளவுக்கு வளவு நீண்டு செல்கின்றன. ஒரு கல்லைப்போல் மறுகல் இல்லை. ஆயினும் யாவும் ஒரே பரப்பாகவே தோன்றுகின்றன. கணினியிற் சித்திரம் வரையும் மாணவர்க்கு இம்மதிலிலே நல்ல பாடமொன்று உண்டு.

அண்மையில் அத்தீவைச் சேர்ந்த எம் மாணவன் ஒருவன், தான் கற்பனை செய்த தீவொன்றின் தேசப்படத்தைக் கணினியில் வரைந்து காட்டினான். மலையும் ஆறும் அழகாகவே இருந்தன. ஆனால், எங்கிருந்தோ பெற்ற பழுப்புக் காகிதப் படமொன்றைப் பின்னணியாகப் பக்கம் பக்கமாகப் பதித்திருந்தான். ஒரே கறை பன்னிரண்டு இடங்களில் வரிசையாக நின்றது. “தம்பி, தீவு தெரியவில்லை, ஓடு பதித்த தரைதான் தெரிகின்றது” என்றோம். அவன் முகம் வாடியது. பின்னர் இருவரும் சேர்ந்து அதனைத் திருத்தினோம்.

முதலில், ஒளி சமமாகப் பரந்த வேளையில் அவன் ஊர் மதிலை நேரே நின்று பிடித்த நிழற்படமொன்றை எடுத்துக்கொண்டோம். அதனைக் குறுக்கிலும் நெடுக்கிலும் பாதியளவு நகர்த்தினோம். ஒருபுறம் வெளியேறிய பகுதி மறுபுறம் உள்ளே வந்தது. பொருந்தாத ஓரங்கள் இப்போது படத்தின் நடுவே கூடின. புதிய வெளியோரங்களோ தாமாகவே பொருந்தின. நடுவிலுள்ள பொருத்தை அயற்கற்களின் பிரதிகளால் மறைத்தோம்.

பொருத்து மறைந்தாலும், திரும்பத் திரும்ப வருதல் மறையாது. கண்ணைப் பறிக்கும் வெண்கல் ஒன்றிருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அத்தகைய கற்களை நீக்கினோம். பின் மேகம்போன்ற மெல்லிய பரப்பொன்றை மேலே கலந்தோம். மதில் 5 அங்குலத்துக்கு ஒருமுறையும் மேகம் 7 அங்குலத்துக்கு ஒருமுறையும் திரும்புமாயின், இரண்டும் சேர்ந்த தோற்றம் 35 அங்குலத்துக்கு ஒருமுறையே திரும்பும். பள்ளியிற் படித்த ‘பொது மடங்குகளுட் சிறியது’ இங்கே கைகொடுத்தது!

அந்த மேகத்தைக் கணிதமே ஆக்கித் தரும். 1982 இல் வெளிவந்த ‘ட்ரோன்’ திரைப்படத்திற் பணியாற்றிய அமெரிக்கர் கென் பேர்லின், கணினிச் சித்திரங்களின் இயந்திரத் தோற்றத்தைப் போக்க விரும்பினார். சீரற்ற எண்களை இடைவெளிவிட்டு அமைத்து, அவற்றை மெல்ல மெல்ல ஒன்றோடொன்று இணைக்கும் முறையை வகுத்து 1985 இல் வெளியிட்டார். அதற்காக 1997 இல் ஒஸ்கார் தொழில்நுட்ப விருது பெற்றார்.

முன்னர் ஒல்லாந்தர் எம் தீவுகளுக்குத் தம் ஊர்ப்பெயர்களை இட்டுப் படம் வரைந்தனர். நெடுந்தீவு டெல்ப்ட் ஆயிற்று, வேலணைத்தீவு லைடன் ஆயிற்று. இன்று எம் பிள்ளைகள் கற்பனைத் தீவு வரையும்போதும் பிறர் காகிதத்தின்மீதுதான் வரைய வேண்டுமா? கண்ணெதிரே முருகைக்கல் உண்டு. பனையோலைப் பாய் உண்டு. வற்றிய குளத்தின் வெடித்த சேறும் உண்டு.

திருத்திய படத்தை மாணவன் தன் அம்மம்மாவிடம் காட்டினானாம். மலையையும் ஆற்றையும் விட்டு, மங்கலான நிலத்தையே அவர் உற்று நோக்கினார். “இது எங்கடை வளவு மதிலெல்லே!” என்றாராம். எமக்கு அதுவே போதும்.