காணொலி எடுக்க ஏஐ உதவும். மருந்து அளவை நாம்தான் சரிபார்க்க வேண்டும்

ஓசூருக்கு வடக்கே, கர்நாடக எல்லையை ஒட்டியுள்ளது பாகலூர். ரோஜா, தக்காளி, முட்டைகோஸ், குடைமிளகாய் எனப் பூவும் காய்கறியும் விளையும் பகுதி. பறித்த பூவைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, பெங்களூரு வியாபாரியிடம் விலை பேசுவது இங்கே பழகிப்போன வேலை. அதே கைபேசியில் சாகுபடிக் காணொலி எடுத்து யூடியூபில் போடலாம் என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது.

ஆனால், கேமராவைப் பார்த்ததும் பேச்சு வருவதில்லை. எங்கே தொடங்குவது, எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்பதில் குழப்பம். ஏஐ எனப்படும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இந்த இடத்தில் நன்றாகவே கைகொடுக்கின்றன. சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயலிகளிடம் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லாமலும் ஓரளவு பயன்படுத்தலாம்.

எந்த வேலையை ஏஐயிடம் விடலாம், எதை விடவே கூடாது என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. காணொலியில் ஒரு மருந்தின் அளவு தவறினால், கெடுவது நம் தோட்டம் மட்டுமல்ல. அதைப் பார்த்துத் தெளிக்கும் எல்லாருடைய தோட்டமும்தான்.

பக்கத்து ஊரில் கிடைத்த பாடம்

விவசாயக் காணொலிக்கு எது பலம் தரும் என்பதைச் சொல்லும் ஆய்வு ஒன்று, நமக்கு அருகிலேயே நடந்திருக்கிறது. பெங்களூருவில் உள்ள மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியா ஆய்வகத்தில், 2006-ல் 'டிஜிட்டல் கிரீன்' என்ற திட்டம் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் ரிக்கின் காந்தி. பெரிய ஸ்டுடியோவில் படம் எடுக்காமல், உள்ளூர் விவசாயியை அவருடைய வயலிலேயே படம் எடுத்து, அதை அந்த வட்டாரத்து விவசாயிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள்.

கர்நாடகத்தில் 16 கிராமங்களில், 1,470 குடும்பங்களை உள்ளடக்கி, 13 மாதங்கள் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. வழக்கமான விரிவாக்கப் பணியைவிட, காணொலி காட்டிய கிராமங்களில் சில தொழில்நுட்பங்களை ஏற்றுக்கொண்டவர்கள் ஏழு மடங்கு அதிகம் என்று ஆய்வு சொன்னது. செலவோடு ஒப்பிட்டால் பலன் பத்து மடங்கு.

படத்தைப் பார்த்த விவசாயிகள் முதலில் கேட்டது, 'இவர் பெயர் என்ன? எந்த ஊர்க்காரர்?' என்றுதான். தம்மைப் போன்ற ஒருவர் செய்து காட்டியதைத்தான் அவர்கள் நம்பினார்கள். படத்தைச் சும்மா ஓடவிடவும் இல்லை. உள்ளூரைச் சேர்ந்த ஒருவர் கூடவே இருந்து, இடையில் நிறுத்திக் கேள்வி கேட்டு, சந்தேகத்தைத் தீர்த்து, பிறகு யார் செய்து பார்த்தார்கள் என்றும் விசாரித்தார்.

இதே நிறுவனம் 2023-ல் 'ஃபார்மர்.சாட்' என்ற ஏஐ உதவியாளரையும் கொண்டுவந்தது. தொழில்நுட்பம் மாறினாலும் அந்த முதல் கேள்வி மாறவில்லை. உங்கள் முகம், உங்கள் தோட்டம், உங்கள் ஊர். இந்த மூன்றையும் ஏஐயால் தர முடியாது. எழுதுவது, வரிசைப்படுத்துவது, மொழிபெயர்ப்பது ஆகிய மேசை வேலைகளை மட்டும் அதனிடம் விடலாம்.

ஒரு காணொலி, ஒரே கேள்வி

'ரோஜா சாகுபடி முழு விவரம்' என்று தொடங்கினால் காணொலி அரை மணி நேரம் ஓடும். யாரும் முழுதாகப் பார்க்க மாட்டார்கள். ஒரு காணொலியில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். காதலர் தினத்துக்குப் பூ வர எப்போது கவாத்து செய்வது, 20 பூக்கள் கொண்ட கட்டு எப்படிக் கட்டுவது, சொட்டுநீர்க் குழாயில் அடைப்பை எப்படி எடுப்பது என ஒவ்வொன்றும் தனித் தலைப்பு.

எடுத்துக்காட்டாக, பாகலூரில் அரை ஏக்கர் பசுமைக்குடிலில் ரோஜா வைத்திருக்கும் ஒருவர், 'ரோஜாவில் சிவப்புச் சிலந்தியை முதலிலேயே கண்டுபிடிப்பது எப்படி?' என்று காணொலி எடுக்கிறார் என வைத்துக்கொள்வோம். வெயில் ஏறி, காற்று வறண்டிருக்கும் மாதங்களில் இந்தத் தொல்லை அதிகம் என்பதால், பிப்ரவரியிலேயே வெளியிட்டால் பயன்படும்.

முதல் வேலை ஏஐயைத் திறப்பது அல்ல. கைபேசியில் குரல் பதிவை ஓடவிட்டு, பக்கத்துத் தோட்டக்காரரிடம் சொல்வதுபோல் ஐந்து நிமிடம் பேசுங்கள். இலையின் மேல்பக்கம் ஊசி குத்தினதுபோல் வெளிறின புள்ளி இருக்கும்; அடிப்பக்கம் திருப்பினால் சிலந்தி இருக்கும்; முற்றினால் நூல் கட்டும்; வெள்ளைத்தாள் மேல் இலையைத் தட்டினால் ஊர்ந்து போவது தெரியும். இப்படி உங்கள் அனுபவம் முழுவதும் வரட்டும். காணொலிக்கு இதுதான் மூலப்பொருள்.

ஏஐயிடம் எப்படிக் கேட்பது?

'ரோஜா சிலந்தி பற்றிக் காணொலி எழுதிக் கொடு' என்று மொட்டையாகக் கேட்டால், எங்கோ யாருக்கோ எழுதியது போன்ற பொதுவான பதில்தான் வரும். அதில் நீங்கள் சொல்லாத மருந்தும் சேர்ந்துவிடும். அதற்குப் பதில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

'நான் ஓசூர் அருகே பாகலூரில் அரை ஏக்கர் பசுமைக்குடிலில் ரோஜா சாகுபடி செய்கிறேன். நான் பேசியது கீழே உள்ளது. இதை மட்டும் வைத்து மூன்று நிமிடக் காணொலிக்கு வசனம் எழுது. நான் சொல்லாத மருந்து, அளவு, விலை எதையும் சேர்க்காதே. சந்தேகம் இருந்தால் என்னிடம் கேள்வி கேள். பேச்சுத் தமிழில், சின்னச் சின்ன வரியாக எழுது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், என்ன காட்சி எடுக்க வேண்டும் என்று குறிப்பிடு.'

இதில் 'சேர்க்காதே', 'கேள்வி கேள்' என்ற இரண்டும் முக்கியம். இவை இருந்தால் ஏஐ தானாக இட்டுக்கட்டுவது குறையும். ஆனால், அடியோடு நிற்காது. வந்ததை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கில் வராத சொல்லை எடுத்துவிட்டு, நம் ஊரில் புழங்கும் சொல்லைப் போடுங்கள். 'இதைப் பார்க்கும் புதிய விவசாயிக்கு என்ன சந்தேகம் வரும்?' என்றும் ஏஐயிடம் கேட்கலாம். நாம் தினமும் செய்வதால் சொல்ல மறந்த விஷயம் அதில் தெரியவரும்.

ஏமாறும் இடங்கள் மூன்று

ஏஐ தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே தொனியில்தான் சொல்லும். தயக்கமே இருக்காது. விவசாயத்தில் அது தவறும் இடங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, பெயர்க் குழப்பம். சிலந்தி வேறு, இலைப்பேன் வேறு. இலைப்பேன் பூச்சி இனம். சிலந்திக்கோ எட்டுக் கால்கள், அது பூச்சியே அல்ல. அதனால் பல பூச்சிக்கொல்லிகள் அதற்கு வேலை செய்யாது, சிலந்திக்கொல்லிதான் தேவை. சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் இடையிலும் இதே சிக்கல். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும்போது ஏஐ ஒன்றை மற்றொன்றாக எழுதிவிட்டால், மருந்தே மாறிப்போகும்.

இரண்டாவது, அளவு. பரிந்துரைகள் பெரும்பாலும் எக்டேர் கணக்கில் இருக்கும். ஒரு எக்டேர் என்பது 2.47 ஏக்கர். கணக்குக்காக மட்டும் ஒன்றைப் பார்ப்போம். எக்டேருக்கு 400 மில்லி என்றால், ஏக்கருக்கு ஏறக்குறைய 160 மில்லி. அரை ஏக்கருக்கு 80 மில்லி. 'எக்டேர்' என்ற சொல் 'ஏக்கர்' என்று மாறிவிட்டால், இரண்டரை மடங்கு மருந்து தோட்டத்துக்குள் போகும். செடி கருகும், பணம் வீணாகும், தெளிப்பவர் உடம்புக்கும் கேடு.

மூன்றாவது, பழைய தகவல். மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்த 2005-லேயே தடை வந்துவிட்டது. ஆனாலும், அதற்கு முன் எழுதப்பட்ட கட்டுரைகள் இணையத்தில் கிடக்கின்றன. ஏஐ படித்து வளர்ந்தது அவற்றையும் சேர்த்துத்தான்.

எனவே, மருந்தின் பெயரோ அளவோ காணொலியில் வருமானால் மூன்று இடத்தில் சரிபாருங்கள். மருந்துப் பெட்டியோடு வரும் துண்டுச் சீட்டில் அந்தப் பயிரும் அந்தப் பூச்சியும் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளப் பரிந்துரையோடு ஒப்பிட வேண்டும். பிறகு தோட்டக்கலைத் துறை அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால், அந்த வரியை எடுத்துவிடுங்கள். 'அளவுக்கு உங்கள் பகுதி அலுவலரைக் கேளுங்கள்' என்று சொல்வதில் தவறு ஒன்றுமில்லை. சிலந்தியைக் கண்டுபிடிக்கும் முறையைக் காட்டினாலே அந்தக் காணொலி பயனுள்ளதுதான்.

படம் எடுக்கும்போது

பசுமைக்குடிலுக்குள் வெளிச்சம் பரவலாக விழுவதால், காலை நேரத்தில் முகமும் இலையும் தெளிவாகத் தெரியும். காற்றில் பாலித்தீன் தாள் படபடக்கும் சத்தம்தான் தொல்லை. சட்டைக் காலரில் மாட்டும் சின்ன மைக் வாங்கிக்கொண்டால் அது பெரிதும் குறையும். கைபேசியைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள். முதல் பத்து நொடியிலேயே பெயர், ஊர், பயிர், பிரச்சினை நான்கையும் சொல்லிவிடுங்கள்.

பாதித்த இலையைக் கிட்டத்தில் காட்டுங்கள். வெள்ளைத்தாளில் தட்டிக் காட்டுங்கள். நோயுற்ற இலையின் படத்தை ஏஐயிடம் உருவாக்கச் சொல்லிச் சேர்க்கவே கூடாது. அது பார்க்க உண்மைபோல் இருக்கும். ஆனால், அந்த அறிகுறி உலகத்தில் எந்தச் செடியிலும் இருந்திருக்காது. உண்மைபோல் தோன்றும்படி செயற்கையாக உருவாக்கிய காட்சிகள் இருந்தால், அதைத் தெரிவிக்க வேண்டும் என்று யூடியூப் 2024 மார்ச் முதல் கேட்கிறது. வசனம் எழுத ஏஐ உதவியைப் பெற்றதற்கு இந்த அறிவிப்பு தேவையில்லை.

கன்னடத்திலும் போகட்டும்

பாகலூரில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்தே புழங்குகின்றன. எல்லையைத் தாண்டினால் மாலூர், சர்ஜாபூர். அங்கே உள்ள விவசாயிக்கும் இதே பிரச்சினைதான். வசனத்தைக் கன்னடத்தில் எழுதித் தரச் சொல்லி, எழுத்தாகக் கீழே ஓடவிடலாம். வெளியிடும் முன், கன்னடம் தெரிந்த ஒரு விவசாயியிடம் காட்டிவிடுங்கள். எண்ணும் பூச்சியின் பெயரும் சரியாக வந்திருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். தலைப்பு, விளக்கக் குறிப்பு, தேடலுக்கான சொற்கள் ஆகியவற்றையும் ஏஐ எழுதித் தரும். 'ஒரே நாளில் சிலந்தி ஒழியும்' போன்ற தலைப்பைத் தந்தால் மட்டும் தள்ளிவிடுங்கள்.

வருமானம் வருமா?

யூடியூபில் விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். குறுங்காணொலி என்றால் 90 நாட்களில் ஒரு கோடி பார்வைகள். ஒரே அச்சில் வார்த்ததுபோல் மொத்தமாகத் தயாரித்துத் தள்ளும் காணொலிகளுக்கு வருமானம் கிடையாது. எனவே, ஏஐயை வைத்துத் தினம் பத்துக் காணொலி போடலாம் என்ற கணக்கு உதவாது. நாற்று வாங்குபவர், பூ வாங்குபவர், பக்கத்து ஊர் விவசாயி உங்களைத் தேடி வருவதுதான் முதல் லாபம்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. தளியில் உள்ள கொய்மலர் மகத்துவ மையம் போன்ற இடங்களுக்கு விவசாயிகளை அழைத்துச் செல்லும்போது, ஒருவரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள். வசனத்தில் உள்ள மருந்துப் பெயரையும் அளவையும் வெளியிடும் முன் நீங்கள் பார்த்துக் கொடுங்கள். பிறகு பத்துப் பேரை உட்காரவைத்து, நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள்.

பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால், விவசாயிகள் கிசான் அழைப்பு மையத்தின் 1800 180 1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். காணொலியின் கீழே இந்த எண்ணையும், படம் எடுத்த தேதியையும் மறக்காமல் எழுதுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்ப்பவருக்கு, தகவல் எப்போது சொன்னது என்று தெரிய வேண்டும்.