பொலித்தீன் கூடாரத்துள் ஈரப்பதன்

நெல் விதைக்கும் கமக்காரருக்குப் பனியைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. மார்கழி, தை மாதங்களிற் காலை ஒன்பது மணி வரையும் பனிநீர் தாளில் நின்றால் எரிபந்த நோய் தொடரும் என்பதை அவர் அறிவார். ஆயினும் திறந்த வயலிற் பனி விழுவதைத் தடுத்தல் எவராலும் இயலாது. கூடாரத்துள் தக்காளி, குடைமிளகாய், கெக்கரி ஆகியவற்றைச் செய்வோரின் நிலை வேறு. அங்கும் பனி விழுகின்றது. ஆனால் அப்பனி வானத்திலிருந்து வருவதன்று. பகல் முழுவதும் அவருடைய பயிர் வெளிவிட்ட நீரே இரவில் அப்பயிரின் மேல் மீண்டும் விழுகின்றது. ஆகையால் அதைக் குறைப்பதும் அவர் கையிலேயே உள்ளது.

நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளில் மழைநாட்களில் நேர்வது பெரும்பாலும் ஒரே வகையானது. பிற்பகல் நான்கு மணிக்குக் குளிர்காற்று வீசத் தொடங்குகின்றது. பயிர் குளிரிற் பாதிக்கப்படுமென்று அஞ்சிக் கமக்காரர் பக்கத் திரைகள் யாவற்றையும் இறக்கிக் கட்டிவிடுகின்றார். உள்ளே சற்றுச் சூடாயிருக்கின்றது. அவரும் மனநிறைவோடு வீடு செல்கின்றார். சில நாட்களின் பின், இலை கிள்ளிய இடத்திலே தண்டில் மங்கிய தவிட்டு நிறப் புண் ஒன்று தோன்றி, அதன்மேல் சாம்பல்நிறத் தூள் படர்கின்றது. பூக்கள் அழுகிக் காய்களில் ஒட்டுகின்றன. காய்த்துக்கொண்டிருந்த செடி புண்ணுக்கு மேலே வாடி விடுகின்றது. விதை பிழையென்பார் ஒருவர். மருந்து பழையதென்பார் மற்றொருவர். திரை கட்டிய நேரத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

கூடாரத்து வளி தாங்கும் நீர்

செடி வேரினால் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேற்பட்டது இலைவாய்களின் வழியே ஆவியாக வெளியேறுகின்றது. 10 மீற்றர் அகலமும் 20 மீற்றர் நீளமும் கொண்ட கூடாரமொன்றில் 500 தக்காளிச் செடிகள் நிற்பதாகக் கொள்வோம். வெயிலுள்ள நாளில், வளர்ந்த செடி ஒன்று ஓர் இலீற்றர் நீரையாவது ஆவியாக்கும். அப்படியானால் ஒரு பகலில் 500 இலீற்றர் நீர் கூடாரத்து வளியுட் சேர்கின்றது. அக்கூடாரம் சராசரி 4 மீற்றர் உயரமாயின் அதனுள் 800 கன மீற்றர் வளி உண்டு. 25 பாகை செல்சியசு வெப்பநிலையில் அவ்வளி முழுவதும் தாங்கக்கூடிய நீராவி 18 இலீற்றர் நீருக்குச் சற்றே அதிகமானது, அவ்வளவே. செடிகள் 500 இலீற்றர் கொடுக்க, வளி ஏற்கக்கூடியது 18 இலீற்றர். எஞ்சிய நீர் வெளியேற வேண்டுமாயின் உள்ளிருக்கும் வளி நாள்முழுதும் பல தடவை மாற வேண்டும். மாறாதவிடத்து அந்நீர் பொலித்தீனிலும் இலையிலும் காயிலும் தங்கும்.

வளி குளிருந்தோறும் அது தாங்கும் நீராவியின் அளவும் குறையும். 25 பாகையில் நூற்றுக்கு 75 ஈரப்பதன் காட்டும் வளி எத்தீங்கும் செய்வதன்று. அதே வளியைத் திரைகளுக்குள் அடைத்து வைத்து 20 பாகைக்குக் குளிரவிட்டால் அதன் ஈரப்பதன் நூறாகிவிடும். யாரும் ஒரு துளி நீரும் ஊற்றாமலேயே இது நேர்கின்றது. மலைநாட்டில் மாலைக்கும் விடியலுக்கும் இடையில் ஐந்து பாகை குளிர்வது புதுமையன்று. தெளிந்த வானமுள்ள இரவில் சாதாரண பொலித்தீன் தன்னூடாக வெப்பத்தை வெளியே செல்லவிடுவதால், இலை தன்னைச் சூழ்ந்த வளியைக் காட்டிலும் குளிர்ந்துவிடுவதும் உண்டு. அப்பொழுது ஈரமானி 95 என்று காட்டும்போதே இலை நனைந்திருக்கும்.

சாம்பல்நிறப் பூஞ்சணத்தின் வித்திகள் முளைப்பதற்கு வேண்டியது இதுவே: சில மணி நேரம் இலையிற் காயாது நிற்கும் நீர்ப்படலம், அல்லது 90க்கு மேற்பட்ட ஈரப்பதன், மிதமான குளிர், இறந்த இழையம் சிறிதளவு. தக்காளி இலையின் அடிப்புறத்தில் ஒலிவ் நிறப் பட்டுப்போலப் படரும் இலைப் பூஞ்சணமும் 85க்கு மேல் ஈரப்பதன் நிலைத்து நின்றாற் பெருகும். தூள் பூஞ்சணநோய் மாத்திரம் இதற்கு விலக்கானது. அது இலை நனையாமலேயே பரவும். ஆகையால் வெள்ளைத்தூளைக் கண்டவுடன் ஈரத்தைக் குறைத்தால் மாறிவிடும் என எண்ணியிருத்தல் தவறு.

மாலையும் விடியலும்

மாலையிற் செய்ய வேண்டியது, திரைகளைக் கட்டுமுன் பகலின் ஈர வளியை வெளியேற்றுதலாகும். முகட்டுச் சாளரத்தை முற்றாக மூடுதல் கூடாது. சூடான ஈர வளி மேலெழுவதால் அது முகட்டின் வழியே வெளியேற, கீழே பக்கத் திரையில் ஒரு சாண் இடைவெளி விட்டால் வெளிவளி உட்புகும். மழை பெய்துகொண்டிருக்கும்போது இது பயனற்றதெனப் பலர் கருதுவர். அவ்வாறன்று. 16 பாகையிலுள்ள மழைக்கால வளி தான் தாங்கக்கூடிய ஈரம் முழுவதையும் கொண்டிருப்பினும், உள்ளே 20 பாகையில் நிற்கும் நிறைந்த வளியைவிடக் குறைந்த நீராவியையே கொண்டது. சாரல் உள்ளே அடிக்கும் பக்கத்தை மூடி, மறுபக்கத்தைத் திறந்து வைத்தல் போதும். இதனால் உள்ளே இரண்டொரு பாகை குளிருமாயின் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நனைந்த இரவைப் பொறுத்தல் அரிது.

நீர் விடும் நேரமும் இதைச் சார்ந்தது. தும்புத்தூட் பைகளுக்குக் கடைசி நீரைச் சூரியன் மறைவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்னரே விட்டு முடித்தல் வேண்டும். இரவில் ஈரம் நிறைந்த பையும் ஈரம் நிறைந்த வளியும் சேர்ந்தால், வேர் தள்ளும் நீர் இலை விளிம்புகளில் முத்துமுத்தாய்த் தோன்றும். அதைப் பனியென நினைப்பார் பலர். மருந்து தெளித்தலும் காலையிலேயே நடைபெற வேண்டும். மாலையில் தெளித்த பங்கசு நாசினி, தான் கொல்ல வந்த பங்கசுக்கே இரவு முழுவதும் நீர் கொடுத்ததாகும். சாம்பல்நிறப் பூஞ்சணம் ஒரே மருந்துக்கு விரைவில் எதிர்ப்புப் பெறும் இயல்புடையது என்பதையும் மறத்தலாகாது.

விடியற்காலையைப் பற்றிக் கமக்காரர் அதிகம் கவனிப்பதில்லை. உண்மையில் இடர் மிகுந்த நேரம் அதுவே. ஞாயிறு எழுந்ததும் கூடாரத்து வளி விரைவாகச் சூடேறுகின்றது. இலைகளும் நீரை ஆவியாக்கத் தொடங்குகின்றன. ஆனால் பருத்த காய் இரவின் குளிரைத் தன்னுள்ளே வைத்திருக்கின்றது; மெல்லவே சூடேறும். குளிர்ந்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, அக்காய்மேல் ஈரம் படிகின்றது. இரவு முழுதும் காய்ந்திருந்த காயும் காலை எட்டு மணிக்கு நனைவதன் காரணம் இதுவே. ஆகையால் வெயில் கூடாரத்தின் மேல் விழுமுன்னரே சாளரங்களைச் சிறிது திறந்து, பின்னர் படிப்படியாக அகலத் திறத்தல் வேண்டும். எட்டரை மணிக்கு வந்து ஒரே தடவையில் எல்லாவற்றையும் திறப்பதால் இழந்த நேரம் மீளாது.

குளிருக்கென மண்ணெண்ணெய் அடுப்பைக் கூடாரத்துள் மூட்டுவோரும் உளர். ஓர் இலீற்றர் மண்ணெண்ணெய் எரியும்போது ஏறக்குறைய ஓர் இலீற்றர் நீரே ஆவியாய் உள்ளே சேர்கின்றது. புகையினாற் பூவும் உதிரும். காசு கொடுத்து ஈரம் வாங்குவதாகவே இது முடியும்.

உலர் வலயத்திற் காணும் மறுபக்கம்

வவுனியா, கிளிநொச்சி, மட்டக்களப்புப் பகுதிகளிற் கூடாரம் அமைத்தோரின் துன்பம் இதற்கு நேர்மாறானது. சோளகம் வீசும் மாதங்களில், மட்டக்களப்பார் கச்சான் எனும் வெங்காற்று அடிக்கும் நண்பகலில், வளி மிகவும் காய்ந்துவிடுகின்றது. செடி தன் இலைவாய்களை மூடிக்கொள்கின்றது, வளர்ச்சி நிற்கின்றது, செஞ்சிற்றுண்ணிகள் பெருகுகின்றன. உறிஞ்சிய சிறிதளவு நீரும் இலைகளுக்கே ஓடுவதாற் கல்சியம் காயின் நுனியை அடைவதில்லை, நுனியழுகல் தோன்றுகின்றது. மலைநாட்டில் ஈரம் நிறைந்த கூடாரத்திலும் இதே நுனியழுகல் காணப்படும். அங்கு நீரோட்டமே நின்றுவிடுவது காரணம். இரண்டிடத்திலும் கல்சிய உரத்தை அள்ளியிடுவதற்கு முன்னர் ஈரமானியைப் பார்த்தல் நன்று.

உலர் வலயத்தில் நண்பகலில் நடைபாதைக்கு நீர் தெளித்தலும் நுண்தூவான நீர் விடுதலும் பயன் தரும்; ஆனால் சாளரங்கள் திறந்திருத்தல் வேண்டும். மூடிய கூடாரத்துள் தூவானம் விட்டால் அது இட்டலிப் பானையாகும். பிற்பகல் மூன்று மணிக்குப் பின் தூவானம் விடலாகாது. கொழும்பு, களுத்துறை போன்ற ஈர வலயத் தாழ்நிலங்களில் வெளிவளியே ஈரமானதால் இம்முறையாற் குளிர்ச்சி கிட்டாது. அங்கு காற்றோட்டம் ஒன்றே வழி.

பகலில் 60 முதல் 75 வரையான ஈரப்பதன் தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் ஏற்றது. கெக்கரி சற்று அதிகத்தை விரும்பும். தக்காளியின் மகரந்தம் மிகுந்த ஈரத்தில் ஒட்டிக் கட்டிபடும். மிகவும் காய்ந்த வளியிற் சூலகமுடியிற் பற்றாது. வலைக்குள் காற்றும் தேனீயும் குறைவாதலால், காலை பத்து மணியளவில், பூக்கள் காய்ந்தபின், செடி கட்டிய கயிற்றை மெல்லத் தட்டிவிடுதல் வேண்டும்.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரே அளவு காட்டும் இரு வெப்பமானிகளை வாங்கி, ஒன்றன் குமிழைச் சுத்தமான பருத்தித்துணியாற் சுற்றி, துணியின் மறுமுனையை மழைநீர்ச் சிமிழில் இட்டு, இரண்டையும் செடிகளின் நடுவே, வெயில் படாது காற்றுப்படும்படி தொங்கவிடுதல் போதும். உலர்குமிழ் 25 பாகை காட்டும்போது ஈரக்குமிழ் 20 காட்டினால் ஈரப்பதன் ஏறக்குறைய 63. 22 காட்டினால் 77. 24 காட்டினால் 92. இரண்டும் ஒன்றாயின் வளி நிறைந்துவிட்டது. துணி விறைத்தவுடன் மாற்றாவிடின் அளவு பொய்க்கும். விடியலிலும் நண்பகலிலும் மாலையிலும் கண்ட அளவைச் சுவரில் தொங்கும் கலண்டரிற் குறித்துவந்தால், நோய் தோன்றியபின் எந்த இரவு காரணமென அறியலாம்.

பழுக்கும் குலைக்குக் கீழுள்ள இலைகளை அகற்றினால் அடிப்பாகத்திற் காற்று ஓடும். காய்ந்த காலையில், குற்றி நில்லாதபடி தண்டோடு ஒட்டக் கிள்ளுதல் வேண்டும். குற்றியே பூஞ்சணம் புகும் வாசல். கிள்ளியதைப் பாதையில் எறியாது, பையில் இட்டு வெளியே கொண்டுசென்று புதைத்தல் வேண்டும்.

புதிதாய்க் கூடாரம் அமைப்போர் சாளரங்களின் பரப்பு தரைப்பரப்பின் ஐந்திலொரு பங்குக்குக் குறையாதிருக்கப் பார்த்தல் வேண்டும். பூச்சி வலை நெருக்கமானதெனின் அதற்கு மேலும் வேண்டும். வெண்ணீயைத் தடுக்கும் நுண்வலை காற்றையும் பெரிதும் தடுக்கும். வலையிற் புழுதி படிந்தால் துளைகள் மேலும் அடைபடும். திரைகளைச் சரியாய்த் திறந்தும் ஈரம் குறையாத கூடாரங்களில் முதலிற் பார்க்க வேண்டியது வலையையே. மாதத்துக்கு ஒரு முறை வெளிப்புறத்திலிருந்து நீர் பீய்ச்சிக் கழுவினால் அது மீண்டும் காற்றை விடும்.