தமிழ்நாடு டென்னிஸ் சங்கம்

தமிழ்நாடு டென்னிஸ் சங்கம் என்பது தமிழ்நாட்டில் டென்னிஸ் விளையாட்டை நிர்வகிக்கும் மாநில அமைப்பு ஆகும். இது 1920-இல் தொடங்கப்பட்ட அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் உறுப்பு அமைப்பு. இதன் அலுவலகம் சென்னை நுங்கம்பாக்கத்தில், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் டென்னிஸ் அரங்கில் உள்ளது.

பின்னணி

இந்திய டென்னிஸ் வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. இராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். 1960, 1961 ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-இல் விம்பிள்டன், பிரெஞ்சு ஆகிய இரு சிறுவர் பட்டங்களையும் வென்றார். விஜய் அமிர்தராஜ் 1973-இல் விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் இரண்டிலும் கால் இறுதியை எட்டினார். 1987-இல் டேவிஸ் கோப்பை இறுதிக்குச் சென்ற இந்திய அணியில் விஜயும் ரமேஷும் ஆடினர்.

பணிகள்

- மாநில அளவிலும் தேசிய அளவிலும் தரவரிசைப் போட்டிகளை நடத்துதல்
- 12, 14, 16, 18 வயதுக்கு உட்பட்ட சிறுவர் சிறுமியர் போட்டிகளை நடத்துதல்
- மாநில அணிகளைத் தேர்ந்தெடுத்தல்
- பன்னாட்டுப் போட்டிகளைச் சென்னைக்குக் கொண்டுவருதல்

சொந்த ஊர்ப் போட்டியின் பயன்

டென்னிஸ் வீரர் தரவரிசையில் முன்னேற, பல போட்டிகளில் ஆடிப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். அதற்குப் பல ஊர்களுக்கும் நாடுகளுக்கும் செல்ல வேண்டும். பயணம், தங்குமிடம், பயிற்சியாளர் என எல்லாச் செலவும் பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. போட்டி சொந்த ஊரில் நடந்தால் இச்செலவு குறையும்.

இன்னொரு பயனும் உண்டு. தரவரிசை போதாத சில வீரர்களுக்கு ‘வைல்டு கார்டு’ எனப்படும் சிறப்பு அனுமதியைப் போட்டி அமைப்பாளர்கள் வழங்கலாம். 2009 சென்னை ஓப்பனில் இவ்வாறு நுழைந்த சோம்தேவ் தேவ்வர்மன், அப்போது தரவரிசையில் 200 இடங்களுக்குப் பின்னால் இருந்தார். முன்னாள் முதல்நிலை வீரர் கார்லோஸ் மோயாவைத் தோற்கடித்து இறுதி ஆட்டம் வரை சென்றார். 2024 பிப்ரவரியில் சென்னை சேலஞ்சர் போட்டியை வென்ற சுமித் நாகல், அதன் மூலம் முதன்முறையாக உலகின் முதல் 100 வீரர்களுள் ஒருவரானார்.

நுங்கம்பாக்கம் அரங்கும் சென்னை ஓப்பனும்

நுங்கம்பாக்கம் அரங்கம் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. 1996-இல் புதுதில்லியில் தொடங்கிய ஆடவர் தொழில்முறைப் போட்டி, 1997-இல் இங்கு மாறியது. பெயர்கள் மாறினாலும் 2017 வரை ஆண்டுதோறும் நடைபெற்றது. பேட்ரிக் ராஃப்டர், கார்லோஸ் மோயா, ஸ்டான் வாவ்ரிங்கா போன்றோர் இங்குப் பட்டம் வென்றனர்.

2010 செப்டம்பரில் பிரேசிலுடன் நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டங்களும் நினைவுகூரத்தக்கவை. முதல் இரண்டு ஆட்டங்களில் தோற்ற இந்தியா, அடுத்த மூன்றையும் வென்று 3–2 என வெற்றி பெற்றது.

சென்னை ஓப்பனை நடத்தும் உரிமை அப்போது சங்கத்திடம் இருக்கவில்லை; ஐஎம்ஜி என்ற தனியார் நிறுவனத்திடம் இருந்தது. ஆகவே 2018-இல் போட்டி புனே நகருக்குச் சென்றது. அரங்கமும் பார்வையாளர்களும் இருந்தும், இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த போட்டியைச் சென்னை இழந்தது. விஜய் அமிர்தராஜ் சங்கத் தலைவரான பின், மாநில அரசின் ஆதரவுடன் 2022 செப்டம்பரில் சென்னை ஓப்பன் மகளிர் போட்டியாக நடந்தது. செக் நாட்டின் 17 வயது லிண்டா ஃப்ருவிர்தோவா பட்டம் வென்றார்.

மாணவர்கள் பங்கேற்க

தரவரிசைப் போட்டிகளில் ஆட விரும்பும் மாணவர், அகில இந்திய டென்னிஸ் சங்கத்தில் பிறப்புச் சான்றுடன் பதிவு செய்து பதிவு எண் பெற வேண்டும். வயதுப் பிரிவு பிறந்த தேதியைக் கொண்டே முடிவாகும் என்பதால், சான்றிலும் பள்ளி ஆவணங்களிலும் தேதி ஒன்றாக இருப்பது நல்லது.

அம்பத்தூர், ஆவடி பகுதி மாணவர்கள் முன்னணி வீரர்களின் ஆட்டத்தை நேரில் காண்பது எளிது. புறநகர் மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, எதிரிலுள்ள பூங்கா நிலையத்தில் தாம்பரம் செல்லும் ரயிலில் ஏறினால், எழும்பூர், சேத்துப்பட்டுக்கு அடுத்த நிறுத்தம் நுங்கம்பாக்கம். புதிதாக ஆடத் தொடங்கிய மாணவர், பந்து இருக்கும் இடத்தை மட்டும் பார்க்காமல், பந்தை அடித்தபின் வீரர் எங்கே திரும்பி வந்து நிற்கிறார் என்பதைக் கவனித்தால், ஆட்டத்தின் பாதிப் பாடம் அங்கேயே விளங்கும்.