விசிலுக்கு எதிரே இன்னொரு விதிநூல்

பள்ளிக் கூடைப்பந்தில் விசில் ஊதுபவருக்கு வரும் தொல்லையில் பெரும்பகுதி கோச் நிற்கும் பக்கத்திலிருந்தே வருகிறது. பன்னிரண்டு வயதுப் பையன் தட்டி நிறுத்திய பந்தை மறுபடி தட்டி, ‘டபுள் டிரிப்பிள்’ என்று பிடிபட்டால் பந்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் இடத்துக்கு ஓடிவிடுவான். அவனுடைய கோச்தான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எல்லைக்கோடு வரை வருவார்.

கொச்சி மட்டாஞ்சேரி போன்ற ஒரு கல்வி உபஜில்லாவின் ஆட்டங்களில் இதற்கான காரணம் தெளிவாகத் தெரியும். கேரளத்தில் பள்ளி விளையாட்டு உபஜில்லா, வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படியேறுகிறது. முதல் படிக்கு வரும் எல்லா அணிகளிலும் பயிற்சி பெற்ற கோச் இருப்பதில்லை. உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், சின்னப் பள்ளியின் அணியோடு கணக்கு டீச்சர் வருவார், அல்லது பழைய மாணவர் ஒருவர் வருவார். இடமும் ஒரு சிக்கல். முழு கோர்ட்டுக்கு 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் வேண்டும். கிடங்குகளுக்கும் வீடுகளுக்கும் நடுவே நெருக்கியடித்து நிற்கும் பள்ளிகளில் ஒரே ஒரு வளையத்தை வைத்துக்கொண்டு அரைக் கோர்ட்டில்தான் பயிற்சி நடக்கும். எட்டு செகண்டுக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும், தாண்டிய பந்தைத் திரும்பப் பின்னால் கொண்டுபோகக் கூடாது என்ற விதிகளை அந்தப் பிள்ளைகளும் கோச்சும் போட்டி நாளன்றுதான் சந்திக்கிறார்கள்.

விதி தெரியாத கோச்களில் ஒரு வகையினர் பழைய ஆட்டக்காரர்கள். பந்தை முன்பாதிக்குக் கொண்டுபோக 10 செகண்ட், ஷாட்டுக்கு 30 செகண்ட் என்ற கணக்கில் ஆடியவர்கள். 2000-ல் அவை 8, 24 என்று சுருங்கின. 2017 அக்டோபரில், பந்தோடு எத்தனை அடி வைக்கலாம் என்ற டிராவல் விதியும் மாறியது. ஓடிக்கொண்டே பந்தைக் கைக்குள் எடுக்கும் கணத்தில் தரையில் இருக்கும் கால் இப்போது கணக்கில் சேராது. பழைய கண்ணுக்கு அது மூன்று அடி. “சாரே, டிராவல்!” என்ற கூச்சல் ஆட்டம் முடியும்வரை ஓயாது.

இவர்களாலாவது பெரிய சேதம் இல்லை. எண்ணிக்கையில் கூடிவரும் இரண்டாவது வகையினர் செல்போனில் அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டத் துணுக்குகளைப் பார்த்துக் கோச் ஆனவர்கள். உள்ளூர்ப் பள்ளி ஆட்டம் நடப்பது சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிப்படி. என்.பி.ஏ.வின் விதிநூல் வேறு. அங்கே தடுப்பவர் யாரையும் நெருங்கிக் காக்காமல் வளையத்தடியில் மூன்று செகண்டுக்கு மேல் நின்றால் குற்றம். ஃபீபாவில் தடுப்பவர் எவ்வளவு நேரமும் நிற்கலாம், தாக்கும் அணிக்குத்தான் மூன்று செகண்ட். அங்கே ஆறு ஃபவுலுக்கு வெளியேற்றம், இங்கே ஐந்துக்கு. அங்கே களத்தில் பந்தை வைத்திருக்கும் வீரரே டைம் அவுட் கேட்கலாம். இங்கே கோச்சோ முதலாவது துணைக் கோச்சோ ஸ்கோர் டேபிளில்தான் கேட்க வேண்டும். அதுவும் ஆட்டம் நின்றிருக்கும்போது அல்லது எதிரணி கூடை போட்டவுடன்தான் கிடைக்கும்.

கடைசி விதியில் விழும் அடி கொஞ்சமல்ல. நாலாவது குவார்ட்டர், ஒரு புள்ளி முன்னிலை, முப்பது செகண்ட் மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். கோச் ரெஃப்ரியைப் பார்த்துக் கைகளால் ‘டி’ போட்டு “டைம் அவுட்!” என்று கத்துகிறார். பந்து வைத்திருக்கும் பையன் ஆட்டம் நின்றதாக நினைத்துப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறான். ஒரு மீட்டருக்குள் தடுப்பவன். ரெஃப்ரியின் கை ஒன்று, இரண்டு என்று எண்ணி ஐந்தில் விசில், பந்து எதிரணிக்கு. கோச் பார்வையில் ரெஃப்ரி கள்ளன். அழுதுகொண்டே பஸ் ஏறும் பையனுக்கும் வீடு வரை அதுவே பாடம்.

கோச்கள் தரப்பில், சம்பளமில்லாமல் வரும் தங்களிடம் விதிநூலை யாரும் தந்ததில்லை, ரெஃப்ரிகளும் ஒரே தரத்தில் இல்லை என்பார்கள். அதிலும் உண்மை உண்டு.

கோச்சின் குரல் ஆட்டத்தோடு பிறந்ததல்ல. கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் எழுதிய 13 விதிகளில் பந்தைப் பார்க்க ஒருவர், ஆட்களைப் பார்க்க ஒருவர் என இரண்டு நடுவர்கள் உண்டு. கோச் என்ற ஆளே கிடையாது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் 1948-49 பருவம் வரை டைம் அவுட்டில்கூடக் கோச் வீரர்களிடம் பேச முடியாது. கோர்ட்டோரச் சத்தம் பிறகு வந்த வழக்கம்.

கோச் அத்துமீறினால் ரெஃப்ரி கையில் டெக்னிக்கல் ஃபவுல் இருக்கிறது. எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. தன் நடத்தைக்காகவே இரண்டு வாங்கினால் கோச் வெளியேற வேண்டும். பள்ளி ஆட்டத்தில் அதைக் கொடுக்கக் கை வராது. விசில் வைத்திருப்பவர் கல்லூரி முடித்த இளைஞர். எதிரே நிற்பவர் சிலசமயம் அவருக்கே பாடம் நடத்திய சார். தவிர, பிள்ளைகளைக் கூட்டிவந்த ஒரே பெரியவரை வெளியே அனுப்பினால் அவர்களைப் பார்த்துக்கொள்வது யார்? ஆகவே முதல் குவார்ட்டரிலேயே கோச்சைக் கூப்பிட்டு மெதுவாக எச்சரிப்பதே அனுபவசாலிகள் வழி. அதைவிட நல்ல வேளை ஆட்டத்துக்கு முன்பே வருகிறது. தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னதாகக் கோச் ஸ்கோர்ஷீட்டில் கையெழுத்திட்டு முதல் ஐவரைக் காட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் டைம் அவுட்டை எங்கே கேட்பது, மூன்று செகண்ட் யாருக்கு என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டால் பாதிக் கூச்சல் அடங்கும்.

விதி தெரியாத கோச் ரெஃப்ரியின் உண்மையான தவறையும் கோட்டைவிடுகிறார். ஒரு குவார்ட்டரில் எதிரணியின் ஐந்தாவது டீம் ஃபவுலிலிருந்து தடுப்பாட்ட ஃபவுலுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ உண்டு. டேபிளில் உட்கார்ந்திருக்கும் மாணவர் எண்ணிக்கையைத் தவறவிட்டால் ரெஃப்ரி சைடிலிருந்து பந்தெறியச் சொல்லிவிடுவார். இதைத் திருத்தலாம்; ஆனால் கடிகாரம் மறுபடி ஓடி, ஆட்டம் முதல் முறை நின்று, பந்து திரும்ப ஆட்டத்துக்கு வருவதற்குள் யாராவது கண்டுபிடித்தாக வேண்டும். அந்தச் சில நொடிகளில் கோச் வழக்கம்போலத் தடுப்பவருக்கு மூன்று செகண்ட் கேட்டுக் கத்திக்கொண்டிருப்பார்.