ரெக்சின் பை கிழிந்தால் தைப்பதா, தள்ளுவதா?

கல்லாப்பெட்டிக்கும் தராசுக்கும் பேரேட்டுக்கும் கொடுக்கும் மரியாதையை வசூல் பைக்கு நாம் கொடுப்பதில்லை. காலையில் லைனுக்குக் கிளம்பும் பையன் தோளில் அது போகிறது. இரவில் ஆணியில் தொங்குகிறது. யு.பி.ஐ. வந்தபின் அதற்குள் ரொக்கம் குறைந்துவிட்டது உண்மைதான். ஆனால் செக், கையெழுத்து வாங்க வேண்டிய பில், ஆர்டர் புத்தகம், திரும்பிய செக்கும் அதற்கு வங்கி கொடுத்த மெமோவும் இன்றைக்கும் பைக்குள்தான் போய் வருகின்றன.

ரொக்கம் விழுந்தால் நஷ்டம் இவ்வளவு என்று உடனே தெரியும். மெமோ விழுந்தால் அப்படி அல்ல. செலாவணி முறிச் சட்டம் 138-ஆம் பிரிவின்படி, செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து நமக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். தாளைத் தேடுவதிலேயே பத்து நாள் போனால், மீதி நாட்களில் வக்கீலைத் தேட வேண்டியதுதான்.

பை கிழிந்து பணமோ தாளோ போனால் முதலில் திட்டு வாங்குபவர் அதைச் சுமந்த பையன். சில கடைகளில் சம்பளத்திலும் பிடிக்கிறார்கள். அடிமூலை விட்டுப்போன பையைக் காலையில் எடுத்துக் கொடுத்தது யார் என்று கேட்பவர் இல்லை. பை கடையின் சொத்து. அதன் பழுதும் கடையின் பொறுப்பே என்பது நம் கருத்து. ஆகவே அந்தப் பையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

ரெக்சின் என்பது உண்மையில் இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்திலுள்ள ஹைட் என்ற ஊரில் தயாரான ஒரு சரக்கின் வியாபாரப் பெயர். துணியின் மேல் செல்லுலோஸ் நைட்ரேட் கலவையைப் பூசி, தோல் போல வரி அழுத்தி விற்றார்கள். பெயர் மட்டும் நம் ஊரில் தங்கிவிட்டது. இன்று கடைகளில் ரெக்சின் என்று கிடைப்பது வேறு சரக்கு. துணியின் மேல் பி.வி.சி. பூசியது ஒன்று, பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் பூசியது இன்னொன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கெட்டுப்போகும் விதம் முற்றிலும் வேறு. தைப்பதா தள்ளுவதா என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

பி.வி.சி. இயற்கையில் விறைப்பான பொருள். தண்ணீர்க் குழாயைப் பார்த்தால் தெரியும். அதைத் துணிபோல வளைய வைக்க, எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். பிளாஸ்டிசைசர் என்பது அதன் பெயர். வெயிலிலும் சூட்டிலும் இது சிறிது சிறிதாக வெளியேறும். வெளியேற வெளியேறப் பை விறைத்து, மடிப்புகளில் வெடிக்கும். ஆனாலும் இது ஆண்டுக்கணக்கில் நடக்கும் காரியம். அடியிலுள்ள துணி நன்றாக இருந்தால் பையைக் காப்பாற்றலாம்.

பி.யு. பை கைக்கு மெத்தென்று இருக்கும், கொஞ்சம் விலையும் கூட. அதற்குப் பகை ஈரக்காற்று. காற்றிலுள்ள ஈரமே பூச்சை உள்ளிருந்து சிதைக்கிறது. பீரோவில் புதிதாகவே பத்திரப்படுத்தி வைத்த பை, சில ஆண்டு கழித்து எடுக்கும்போது பிசுபிசுத்து, செதில் செதிலாக உதிர்வது இதனால்தான். பயன்படுத்தாமல் வைத்தால் நீடிக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர் வணிகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். செதில் விட ஆரம்பித்த பி.யு. பைக்கு வைத்தியம் கிடையாது. அதன்மேல் பாலிஷ் பூசுவதும் பெயிண்ட் அடிப்பதும் வீண்செலவு.

எது எது என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒரு செம்புக் கம்பியைக் குறட்டில் பிடித்து, சுடரில் நிறம் தெரியாத வரை காய்ச்சி, பையின் உள்மடிப்பில் மறைவான இடத்தில் பூச்சைத் தொட்டு, மறுபடி சுடரில் காட்ட வேண்டும். சுடர் பச்சையாக எரிந்தால் பி.வி.சி. பச்சை வராவிட்டால் பெரும்பாலும் பி.யு. என்று கொள்ளலாம். புகையை முகராமல், கடைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். எண்ணெய் டின்னுக்கும் தீப்பெட்டிப் பண்டலுக்கும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

பையைத் திருப்பிப் பாருங்கள்

பையின் பலம் துணியில் இருக்கிறது; பூச்சு மழையைத் தடுக்கும் தோல் மட்டுமே. நாமோ வெளியே ஒரு கீறல் தெரிந்தால் பதறுகிறோம், உள்ளே துணி இற்றுப்போனதைப் பார்ப்பதில்லை. மாதம் ஒருமுறை பையைக் காலி செய்து, உள்புறத்தை வெளியே திருப்பி, அடிமூலை இரண்டையும் கைப்பிடி தைத்த இடத்தையும் விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் நனைந்த பையை அப்படியே மூடி வைத்தால் உள்துணியில் கரும்பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணியானால் அது துணியையே தின்னும். அந்த இடத்தில் எத்தனை தையல் போட்டாலும் நிற்காது.

கிழிசலுக்கு வெளியே ஒட்டுப் போடுவதுதான் வழக்கம். நாம் சொல்வது உள்ளே போடுங்கள் என்பது. இதற்குக் காரணம் உண்டு. செருப்புக்கு ஒட்டும் சாதாரண ரப்பர் சொலூஷனை பி.வி.சி. பூச்சின் மேல் தடவினால் முதலில் கெட்டியாகப் பிடிக்கும். நாளாக ஆகப் பூச்சிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசர் பசையை இளக்கிவிடும், ஒட்டு நழுவும். உள்புறம் துணியோடு துணி ஒட்டுவதால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. உள்லைனிங் இருந்தால் அதன் ஓரத் தையலைப் பிரித்துக்கொண்டு, கிழிசலைவிடச் சுற்றிலும் ஓர் அங்குலம் பெரிதாகக் கேன்வாஸ் துண்டு ஒன்றை வெட்ட வேண்டும். மூலைகளை வட்டமாகக் கத்தரித்தால் ஓரம் கிளம்பாது. இரண்டு பக்கமும் பசை தடவி, கைக்கு ஒட்டாத பதம் வரும்வரை பத்து, பதினைந்து நிமிடம் காத்திருந்து அழுத்த வேண்டும். ஈரப்பசையோடு ஒட்டுவதுதான் பலரும் செய்யும் தப்பு. ஒட்டியபின் ஐந்து கிலோ படிக்கல்லை மேலே வைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

வெளியே ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால் பி.வி.சி.க்கு ஏற்ற பாலியூரித்தேன் பசை வாங்க வேண்டும். குழாய் ஒட்டும் சொலூஷனும், சொட்டு விட்டால் உடனே பிடிக்கும் பசையும் உதவாது. இரண்டும் காய்ந்தால் கண்ணாடி போல விறைக்கும். பை வளையும்போது ஓரத்தில் புதுக் கிழிசல் விழும்.

தையலில் ஒரு சூட்சுமம். நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைத்துச் சின்னத் தையலாகப் போடச் சொல்கிறோம். ரெக்சினில் ஊசி போட்ட துளை மூடாது. துளைகள் நெருங்கினால் தபால்தலை ஓரம் போல அந்த வரியிலேயே கிழியும். அங்குலத்துக்கு 6, 7 தையல் போதும், நைலான் நூலாக இருக்கட்டும். பழைய துளைகளிலேயே திரும்ப ஓட்டாமல் சற்று உள்தள்ளிப் புது வரி போடச் சொல்லுங்கள். கைப்பிடி பிய்ந்த இடத்தில் தையலை மட்டும் நம்பாமல், உள்ளே ஒரு தோல் துண்டு வைத்து, வாஷரோடு ரிவிட் அடித்தால் பாரம் ஒரே நூலில் விழாமல் பரவும். ஜிப் ‘வாய் பிளந்தால்’ பெரும்பாலும் பல் கெடுவதில்லை, ரன்னர்தான் தேய்கிறது. ரன்னரை மட்டும் மாற்றிப் பாருங்கள். இறுக்கமாக ஓடும் ஜிப்புக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும்.

தெருமுனையில் உட்கார்ந்து செருப்பும் பையும் தைப்பவருக்கு இவை எல்லாம் நம்மைவிட நன்றாகத் தெரியும். கூலியில் ஐந்து ரூபாய் குறைக்கப் பேரம் பேசினால் அவர் நூலில் குறைப்பார். நாமும் வியாபாரிகள்தானே, அந்தக் கணக்கு நமக்குப் புரியாததா?

எண்ணெயும் வெயிலும்

ஆயுத பூஜைக்குக் கடையைச் சுத்தம் செய்யும்போது, பை பளபளக்கட்டும் என்று தேங்காய் எண்ணெயோ மண்ணெண்ணெயோ போட்டுத் துடைப்பது நம்மிடையே உள்ள பழக்கம். அன்றைக்குப் பளபளக்கும். ஆனால் எண்ணெய் பி.வி.சி.க்குள் இருக்கும் பிளாஸ்டிசைசரை வெளியே இழுத்துவிடும். சில மாதத்தில் பை வறட்டி போல ஆகும். எண்ணெய்க் கடைப் பைகளின் கைப்பிடி மற்ற கடைப் பைகளைவிட முன்னதாக விறைப்பதற்குக் கையில் ஒட்டும் எண்ணெயே காரணம். தின்னர், பெட்ரோல் இவற்றின் கெடுதல் இன்னும் வேகமானது. வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் சோப்பு கரைத்து, துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, நிழலில் வாய் திறந்து உலர்த்தினால் போதுமானது. இஸ்திரிப் பெட்டியால் சுருக்கம் எடுக்க முயலாதீர்கள். வெயிலில் நிறுத்திய வண்டியின் பெட்ரோல் டேங்க் மேல் பையை விட்டுவிட்டுச் சாப்பிடப் போக வேண்டாம் என்று பையனுக்கும் சொல்லி வையுங்கள். ஓய்வில் இருக்கும் பையை மடிக்காமல், உள்ளே வெள்ளைத் தாளைச் சுருட்டி அடைத்து வைக்கலாம். அச்சிட்ட பாலிதீன் கவரோடு நெருக்கி வைத்தால் அதன் மை ரெக்சினில் ஏறிவிடும். பிறகு எதற்கும் போகாது.

பைக்குள் வைப்பதிலும் ஒரு எச்சரிக்கை தேவை. கார்டு இயந்திரம் கொடுக்கும் சீட்டு, பணம் போடும் இயந்திரம் தரும் ரசீது, இன்றைய பில்லிங் இயந்திரச் சீட்டு எல்லாம் சூட்டில் எழுத்து தோன்றும் தாள்கள். இவற்றில் மை இல்லை. பி.வி.சி. ரெக்சினையோ பிளாஸ்டிக் உறையையோ ஒட்டிக் கிடந்தால், அதே பிளாஸ்டிசைசர் தாளில் ஏறி எழுத்தை அழித்துவிடும். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்கையும் ஆவணங்களையும், ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அத்தனை காலம் அந்தச் சீட்டு பேசாது. பை கடைக்குத் திரும்பிய அன்றே நகல் எடுத்து, தேதி போட்டு, காகித உறையில் வையுங்கள்.

நகலையும் ரெக்சின் அட்டை போட்ட ஃபைலில் நேராக வைக்க வேண்டாம். ஜெராக்ஸ் பொடி இளகி ரெக்சினில் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் தாள் வரும், எழுத்து அட்டையில் தங்கிவிடும். நடுவே ஒரு வெள்ளைத் தாள் வைத்தால் இது நேராது.